கல் நட்டால் ஊர் வந்துவிடுமா?

கம்ப்யூட்டர் கம்பெனிகளில் 'மைல்ஸ்டோன்' என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. ஒரு மென்பொருள் வேலையை ஒப்புக்கொள்ளும்போதே அதைப் பல கட்டங்களாகப் பிரித்து, இன்ன தேதிக்குள் இன்ன கட்டம் முடியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கட்டம் முடிந்தால் தவணைப் பணம். கேட்பதற்கு வெகு ஒழுங்காகத்தான் இருக்கிறது. அந்த ஒழுங்கின் மேல்தான் எனக்குக் கோபம்.

எங்கள் மூலக்கொத்தளத்திலிருந்து பழைய மகாபலிபுரம் சாலைக்கு வேலைக்குப் போகிற பையன் ஒருவன், "மூணு மைல்ஸ்டோன் தாண்டிட்டோம் சார்" என்றான்.

"சந்தோஷம். எது ஓடுகிறது?"

"இன்னும் எதுவும் ஓடலை சார்."

தேவைகளை எழுதிய தஸ்தாவேஜுக்கு ஒப்புதல் ஆயிற்றாம். அது ஒரு கல். வரைபடத்துக்கு ஒப்புதல், அது இரண்டாவது. நிரல் 90 சதவிகிதம் முடிந்துவிட்டதாம், அது மூன்றாவது. மிச்சம் 10 சதவிகிதத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டால் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எத்தனை ராத்திரித் தூக்கம் போகப்போகிறதோ!

இந்த வியாதி புதிதல்ல. ஐ.பி.எம். கம்பெனியில் பெரிய மென்பொருள் வேலையை நடத்திய பிரெடரிக் புரூக்ஸ், 1975-இல் வெளியிட்ட 'தி மித்திகல் மேன்-மன்த்' புத்தகத்தில் இதைப் புட்டுப் புட்டு வைத்தார். நிரல் வேலை பாதிக் காலம் இந்த 90 சதவிகிதத்திலேயே உட்கார்ந்திருக்கும் என்பது அவர் கண்டது. முடிந்ததா இல்லையா என்பதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லாததுதான் மைல்கல் என்றார். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. நாம் இன்னும் சதவிகிதம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

"மென்பொருள் கண்ணுக்குத் தெரியாத பொருளாயிற்றே!" என்பார்கள் மேலதிகாரிகள். வாஸ்தவம். வீட்டுக் கடன் கொடுக்கிற பாங்குக்காரர் அஸ்திவாரம், லிண்டல், தளம் என்று பார்த்துப் பணம் விடுகிறார். லிண்டல் ஏறியதா என்பதைத் தெருவில் போகிறவனும் சொல்லிவிடுவான்.

எங்கள் பேட்டையின் பெயரையே பாருங்கள். கறுப்பர் நகரைச் சுற்றிக் கும்பினியார் எழுப்பிய மதிலின் மூலைக் கொத்தளம் அது. 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் நகருக்குள் புகுந்தார்கள். 1767-இல் மைசூர்க் குதிரைப்படை சாந்தோம் வரை வந்து மிரட்டியது. அப்புறம்தான் மதிலுக்கு அவசரம் பிறந்தது. காண்டிராக்ட் எடுத்தவர் பால் பென்பீல்டு. பரம யோக்கியர் அல்ல. ஆற்காட்டு நவாபின் கடன் விவகாரத்தில் அவர் பெயரை எட்மண்ட் பர்க் 1785-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் சந்தி சிரிக்க வைத்தார். அப்பேர்ப்பட்ட மனிதராலும் எழுப்பாத மதிலை எழுப்பியதாகக் காட்ட முடியாது. மதிலின் ஒரு துண்டு பழைய ஜெயில் ரோட்டுப் பக்கம் மாடிப் பூங்காவில் இன்றும் நிற்கிறது. போய்த் தொட்டுப் பார்க்கலாம்.

வருமான வரித் தளத்தின் கதை என்ன? 2021 ஜூன் முதல் வாரத்தில் பழைய தளத்தை மூடிவிட்டு, 7-ஆம் தேதி புதியதைத் திறந்தார்கள். திறப்பு நாள் சொன்னபடி வந்தது; தளம்தான் வரவில்லை. உள்ளே நுழையவே ஜனங்கள் தவித்தார்கள். ஆகஸ்ட் 23-ஆம் தேதி நிதி அமைச்சர், இன்போசிஸ் தலைமை அதிகாரியை நேரில் அழைத்து, செப்டம்பர் 15-க்குள் சரிசெய்யச் சொன்னார். கணக்குத் தாக்கல் செய்யும் கெடு கடைசியில் டிசம்பர் 31 வரை போயிற்று.

கல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல் இல்லாவிட்டால் தூரம் தெரியாது; தாமதத்தைச் சொல்லவும் யாருக்கும் வாய் வராது. ஆனால் நடுகிறவனே தாண்டியதாகச் சாட்சி சொல்கிற கல் எனக்கு வேண்டாம்.

ரேஷன் கடைக்கு மென்பொருள் எழுதச் சொல்கிறீர்களா? எங்கள் பேட்டையில் ஒரு கிழவி அரை நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்று, இயந்திரத்தில் விரலை வைக்கிறாள். "சர்வர் வேலை செய்யலம்மா, நாளைக்கு வா" என்கிறார்கள். முதல் கல்லை அங்கே நடுங்கள். ஒரே கடை, ஒரே கார்டு, ஒரே கிழவி. அவள் விரலை வைத்து, ரசீது வந்து, பையில் அரிசி விழட்டும். மற்ற கடைகள், மற்ற வசதிகள் எல்லாம் பின்னால் ஒவ்வொன்றாக வரலாம். முதல் தவணையை அன்றைக்குக் கொடுங்கள். அதற்கு முன்னால் வருகிற தஸ்தாவேஜுகளுக்குக் காகித விலை கொடுத்தால் போதும்.