நடக்க விட்ட நகரம்

செக் நாட்டுத் தலைநகர் ப்ராகுக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் அங்கே நடந்ததைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பழைய நகரச் சதுக்கத்தில் 1410-ல் நிறுவிய வானியல் கடிகாரத்தடியில் தொடங்கி, வளைந்து வளைந்து போகும் சந்துகள் வழியே வல்தாவா ஆற்றங்கரைக்கு வரலாம். சார்லஸ் பாலத்தைக் கடந்து, மாலா ஸ்ட்ரானா சரிவில் ஏறினால் கோட்டை. எல்லாம் சேர்த்துச் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். இந்தச் சுகத்துக்கு வழக்கமாக ஒரே காரணம்தான் சொல்லப்படுகிறது: பழைய ஊர், குறுகிய தெருக்கள், உலகப் போரில் பெரிதாக இடிபடாமல் தப்பிய கட்டடங்கள், ஆகவே நடக்கத் தோதாக இருக்கிறது. இது பாதி உண்மை. கல்லும் கோபுரமும் முன்னோர் விட்டுப்போன சொத்து, சந்தேகமில்லை. அவற்றின் நடுவே வண்டிக்கு ஒதுங்காமல் நடக்கிற வசதி அந்தச் சொத்தோடு வந்ததல்ல. அது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒவ்வொரு இடமாக முடிவெடுத்துப் பெறப்பட்டது. முடிவெடுக்காத இடங்களில் அதே பழைய ஊரில் இன்றும் நிம்மதியாக நடக்க முடியவில்லை.

முதல் சாட்சி சார்லஸ் பாலமே. முன்பிருந்த பாலத்தை 1342-ல் வெள்ளம் அடித்துக்கொண்டு போக, நான்காம் சார்லஸ் மன்னர் 1357-ல் இதற்கு அடிக்கல் நாட்டினார். நீளம் 516 மீட்டர். அகலம் பத்து மீட்டரைத் தொடாது. 1841 வரை நகரத்தார் வல்தாவாவைக் கடக்க இது ஒன்றுதான் பாலம் என்பதால், சந்தைக்குப் போகும் வண்டி முதல் படை வரை எல்லாம் இதன் மேல்தான் போயின. 1883-ல் குதிரை இழுக்கும் டிராம் வந்தது. 1905-ல் அது மின்சார டிராமாயிற்று. தலைக்கு மேல் மின்கம்பி ஓடினால் இருபுறச் சிலைகளின் அழகு கெடும் என்று, பொறியாளர் பிரான்டிசெக் கிரிஷிக் தரையில் பதித்த முனைகளிலிருந்தே வண்டி மின்சாரம் எடுக்கும்படி செய்துகொடுத்தார். அந்தக் காலத்தவருக்கும் அழகுணர்ச்சிக்குக் குறைவில்லை என்பதை இது காட்டுகிறது. கண்ணை உறுத்தக் கூடாதென்று கம்பியை ஒளித்தவர்களுக்கு, நடப்பவரின் காலுக்கு இடம் வேண்டுமே என்று மட்டும் தோன்றவில்லை. 1908-ல் டிராம் நின்றது. மோட்டார் வண்டிகள் தொடர்ந்தன. பழைய நகரப் பக்கத்துக் கோத்திக் கோபுரத்தின் வளைவுக்குள் புகுந்து, முப்பது சிலைகளுக்கு நடுவே, கார்கள் 1965 வரை ஓடின. அந்த ஆண்டு தொடங்கி 1978 வரை இழுத்த பெரும் பழுதுபார்ப்புக்குப் பிறகுதான் பாலம் முழுக்க நடப்பவர்களுக்கானது. ஆறரை நூற்றாண்டு கடந்த பாலத்தில் நாம் ‘காலங்காலமாக’ என்று நினைத்துக்கொள்ளும் காட்சிக்கு வயது ஒரு மனித ஆயுள்கூட இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். அப்போது நடந்தது கம்யூனிஸ்ட் ஆட்சி. வியாபாரியைக் கேட்க வேண்டாம், வாக்காளரைக் கேட்க வேண்டாம், ஓர் உத்தரவில் எதையும் மூடலாம். மக்களாட்சியில் இது நடக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே ஆட்சி அதே பத்தாண்டில் வேறென்ன செய்தது என்று பார்த்தால் அதற்குப் பதில் கிடைக்கும். நகரின் நடுவயிற்றில் வடக்கு தெற்காக ‘மகிஸ்த்ராலா’ என்னும் பெருஞ்சாலையை அறுத்துப் போட்டதும் அவர்கள்தான். தேசிய அருங்காட்சியகத்துக்கும் அதன் வாசலிலிருந்து இறங்கும் வென்செஸ்லாஸ் சதுக்கத்துக்கும் குறுக்கே அந்தச் சாலை ஓடுகிறது. தலைமை ரயில் நிலையத்தின் நூற்றாண்டு பழமையான அழகிய முகப்புக்கு எதிரே வண்டிகளின் இரைச்சல்தான் வரவேற்பு. பயணிகள் சாலைக்கு அடியில் கட்டிய புதிய கூடத்தின் வழியே வெளியே வருகிறார்கள். ஒரே அரசு ஒரு கையால் பாலத்தை நடப்பவருக்குக் கொடுத்து, மறு கையால் சதுக்கத்தின் தலைமாட்டைக் காருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆட்சி முறையை வைத்து இதை விளக்கிவிட முடியாது. ஒவ்வோர் இடத்திலும் யாருக்கு முதலிடம் என்ற கேள்விக்குக் கிடைத்த விடைதான் வேறுபட்டது. மக்களாட்சி வந்து முப்பத்தைந்து ஆண்டு கடந்தும் அந்தச் சாலை அங்கேயே இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எடுக்கத் தவறிய முடிவும் ஒரு முடிவே.

பாலத்தில் காருக்குத் தடை விதித்ததோடு அந்த ஆட்சியாளர்கள் நிற்கவில்லை என்பதும் முக்கியம். 1974-ல் மெட்ரோவின் முதல் தடம் திறந்தது. 1978-லும் 1985-லும் மற்ற இரண்டு தடங்கள் வந்தன. மூன்றும் நகர மையத்தில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. டிராம் வலைப்பின்னலும் கைவிடப்படவில்லை. காரை விட்டு வா என்று சொல்வதற்கு முன்னால், வேறு எப்படி வருவது என்பதற்கு விடை இருந்தது. நடைக்கென்று தெருவை ஒதுக்கிவிட்டு, அந்தத் தெருமுனைவரை வந்துசேர வழி செய்யாத நகரங்களில் வியாபாரிகள் கோபப்படுவதில் தப்பே இல்லை.

நடை என்றால் உல்லாசம், வேலையற்றவர் பொழுதுபோக்கு என்பது அடுத்த வாதம். வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் வரலாறு அதை ஒப்பவில்லை. 1348-ல் குதிரைச் சந்தையாக வகுக்கப்பட்ட, சுமார் 750 மீட்டர் நீளமுள்ள இடம் அது. 1969 ஜனவரியில் சோவியத் ஆக்கிரமிப்பை எதிர்த்து மாணவர் யான் பாலாக் தீக்குளித்தது அதன் மேல் முனையில். 1989 நவம்பரில் லட்சக்கணக்கானவர்கள் கூடி நின்றதும், மாடத்திலிருந்து வாட்ஸ்லாவ் ஹாவெல் அவர்களிடம் பேசியதும் அங்கேதான். வீட்டிலிருந்து கால்நடையாக வந்து, முன்பின் தெரியாதவரோடு தோளுரசி நிற்க ஓர் இடம் இல்லாத ஊரில் மக்கள் தங்கள் எண்ணிக்கையைத் தாங்களே கண்ணால் பார்க்க முடியாது.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு இன்றைய ப்ராகிலிருந்தே வருகிறது. 2019-ல் நகர விடுதிகளில் தங்கியவர்கள் சுமார் 80 லட்சம் பேர். வரலாற்று மையம் அடங்கிய முதல் வட்டாரத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களோ சுமார் 30 ஆயிரம். மளிகைக் கடை இருந்த இடத்தில் நினைவுப்பொருள் கடை. குடும்பம் இருந்த வீட்டில் நாள் வாடகைக்கு வரும் விருந்தாளி. நடைத்தெரு யாருக்காக என்று உள்ளூர்க்காரர் கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. ஆனாலும் நோய் எங்கே என்று பார்க்க வேண்டும். வாடகை வீடு விடுதியாவதைத் தடுக்காததும், கடை வாடகையைச் சந்தையின் போக்குக்கே விட்டதும் குடிகளை விரட்டின. கார்களைத் திரும்ப விட்டால் அந்த மளிகைக் கடை திரும்பி வந்துவிடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வழிகாட்டியோடு மதுக்கூடம் மதுக்கூடமாகச் சுற்றும் குழுக்களுக்கு மாநகராட்சி 2024-ல் தடை விதித்தது. சிறு நடவடிக்கைதான்; அங்கே உறங்குபவரும் கணக்கில் வருகிறார் என்று ஒப்புக்கொண்ட வகையில் சரியான திசை. தெருவை நடைக்கு விடுவது முதல் முடிவு. அந்தத் தெருவில் ஆட்கள் குடியிருக்க வழி செய்வது இரண்டாவது. ப்ராக் முதலாவதைச் செய்து, இரண்டாவதில் தாமதித்துவிட்டது.

முடிவுகள் என்றால் அவற்றுக்குக் கணக்குக் கேட்பதும் உண்டு. ப்ராகின் நடைபாதைகள் விரலளவுக் கல்துண்டுகளை வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்பு நிறங்களில் கோத்துப் போட்டவை. பார்க்க அழகு, சக்கர நாற்காலிக்கும் முதியவர் முழங்காலுக்கும் சோதனை. 2020-ல் வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் கீழ் முனையில் சீரமைப்புக்காகப் பாவுகற்களைப் பெயர்த்தபோது, சிலவற்றின் அடிப்பக்கம் மட்டும் மழமழவென்று இருந்தது. புரட்டினால் ஹீப்ரு எழுத்துகள். 1980-களில் நடைத்தெரு போடுவதற்காக யூதக் கல்லறைக் கற்களை அறுத்து, எழுத்திருந்த முகத்தைத் தரைப்பக்கம் திருப்பிப் பதித்திருக்கிறார்கள். கற்கள் யூத சமூகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. 2022-ல் ஜிஜ்கோவ் பகுதியின் பழைய யூத இடுகாட்டில் அவை நினைவுச் சின்னமாயின. நடைத்தெரு வேண்டும் என்ற முடிவு நல்லது. அதற்காக யாருடைய பெயரை மண்ணில் கவிழ்த்துப் போட்டார்கள் என்பது முப்பது ஆண்டுக்கு மேல் கழித்துத் தெரிந்தது. தெருவை மூடவில்லை, கல்லை மாற்றிவிட்டு, அதே தெருவில் இன்றும் நடக்கிறார்கள்.