தாகத்தை அடக்காதீர்கள்!

"டாக்டர், சாயந்திரம் ஆறு மணிக்கு மேல அப்பாவுக்கு ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கிறதில்லை. அப்படியும் ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறார். நிறுத்த ஏதாவது சூரணம் குடுங்க!"

மகன் சொல்லச் சொல்ல, அந்தப் பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். உதடு வெடித்திருந்தது. கணுக்காலை விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. விஷயம் அங்கேதான் இருந்தது!

பகலெல்லாம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் காலில் நீர் தேங்கும். படுத்ததும் அது ரத்தத்தில் சேர்ந்து சிறுநீராக இறங்கும். தண்ணீரை நிறுத்தி என்ன பயன்?

அடக்கக் கூடாத வேகங்கள் 14 என்கிறது சித்த மருத்துவம். சிறுநீர், தாகம், தூக்கம் மூன்றுமே அதில் அடக்கம். ஒன்றுக்காக இன்னொன்றை அடக்குவது வைத்தியமே அல்ல.

வயதானால் இரவில் ஒரு தடவை எழுவது சகஜம். தினமும் இரண்டு, மூன்று என்று போனால் காரணம் தேட வேண்டும். சர்க்கரை, ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், இருதய, சிறுநீரகக் கோளாறு, குறட்டையோடு வரும் மூச்சுத் தடை என்று பட்டியல் நீளம். பிரஷருக்குத் தரும் 'நீர் மாத்திரை'யை மாலையில் போட்டாலும் இதே கதைதான். அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். நேரத்தை மாற்றலாமா என்று எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேளுங்கள்.

இன்னொரு தவறு, கைவைத்தியம். 'நீர்க் கோளாறுக்கு நல்லது' என்று ராத்திரியில் நெருஞ்சில் கஷாயமும் வாழைத்தண்டுச் சாறும் கொடுக்கிறார்கள். இரண்டுமே நீரைப் பெருக்குபவை! அப்புறம் தூக்கம் எப்படி வரும்?

ஒரு காரியம் செய்யுங்கள். மூன்று நாள், எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி என்று அளந்து எழுதுங்கள். ஒரு நாள் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போனால், இரவில் நீர் அதிகம் சுரக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போனால், சிறுநீர்ப்பை அல்லது புராஸ்டேட்டைக் கவனிக்க வேண்டும். இந்தச் சீட்டு எந்த வைத்தியருக்கும் உதவும்.

தண்ணீரைக் குறைக்காமல் பெரும்பகுதியைப் பகலிலேயே கொடுங்கள். மாலைக்கு மேல் காபி, டீ வேண்டாம். பிற்பகலில் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுக்கட்டும். சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், முட்டிக்கொண்டு வந்தும் போகாமை, கால் வீக்கத்தோடு மூச்சிரைப்பு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிதான்.

எனக்குப் பெரிய பயம் வேறு. இருட்டில் தட்டுத்தடுமாறிப் போய், ஈரத்தரையில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையோடு கிடப்பவர்கள் எத்தனை பேர்! ஒரு சின்ன விளக்கு, காய்ந்த தரை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, முடியாதவர்களுக்குக் கட்டிலருகே ஒரு பாத்திரம். சூரணத்துக்கு முன்னால் இவைதான் மருந்து.

பெரியவர்கள் கூச்சத்தில் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும், முகம் சுளிக்காமல்.

அந்தப் பெரியவருக்கு அன்று சூரணம் தரவில்லை. சர்க்கரை, இருதயம், சிறுநீரகப் பரிசோதனைகளுக்கு எழுதிக் கொடுத்தேன். அதற்கு முன், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். மகனைப் பார்த்துக்கொண்டேதான் குடித்தார்.