சிரிப்பு போலீஸ் உண்டு, சிரிப்புப் பட்டாளம் எங்கே?

குலசேகரன்பட்டினத்தில் எனக்கு ‘மிலிட்டரி அண்ணாச்சி’ என்று பெயர். பட்டாளத்தில் நான் துப்பாக்கியைவிடக் கார்பன் தாளைத்தான் அதிகம் பிடித்தேன் என்பது ஊருக்குத் தெரியாது. பதினேழு வருடமும் எழுத்தர் வேலை. எல்லைக்குப் பக்கத்தில் இருந்ததும் உண்டு. ஆனால் எதிரிக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் ஒரு டைப்ரைட்டர் இருந்தது.

2020 மே மாதக் கடைசியில், ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் கிடந்தபோது, நெட்ஃபிளிக்ஸில் ‘ஸ்பேஸ் ஃபோர்ஸ்’ வந்தது. மாப்பிள்ளை போனில் கூப்பிட்டு, “மாமா, இது உங்களுக்குன்னே எடுத்த மாதிரி இருக்கு, பாருங்க” என்றார். எதிர்பார்ப்பு சும்மா வரவில்லை. விண்வெளிக்கென்று தனிப் படை அமைப்போம் என்று 2018 ஜூனில் டிரம்ப் சொன்னார். ஆறேழு மாதத்தில், அதை வைத்து ஒரு நகைச்சுவைத் தொடர் எடுக்கப்போவதாக நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது. அமெரிக்க ‘தி ஆபீஸ்’ தொடரை உருவாக்கிய கிரெக் டேனியல்ஸும் அதில் மேலாளராக வந்து வயிற்றைப் பதம்பார்த்த ஸ்டீவ் கரேலும் மறுபடி ஒன்றுசேர்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் நாக்கு ஊறாது? ஆனால் நையாண்டி மேடையேறுவதற்குள் 2019 டிசம்பரில் நிஜப் படையே பிறந்துவிட்டது. தொடர் வந்த மறுநாளே ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட் இரண்டு வீரர்களை நிஜமாகவே மேலே கொண்டுபோனது. கேலிக்கு வந்த நேரம் சரியில்லை.

ஒரே மூச்சில் பத்துப் பகுதியும் பார்த்தேன். முதல் பகுதியில் ஏவக்கூடாது என்கிறார் விஞ்ஞானி. ஜெனரலாக வரும் கரேல் துணிந்து ஏவச் சொல்கிறார். ராக்கெட் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. அப்புறம் ஒரு சீனச் செயற்கைக்கோள் வந்து இவர்கள் ஏவியதன் சூரியத் தகடுகளை நறுக்கிவிட்டுப் போக, அதைச் சரிசெய்ய விண்வெளியில் இருக்கும் சிம்பன்சியை ஏவுகிறார்கள். சிம்பன்சிக்குச் சிரித்தேன். ஜான் மால்கோவிச் விஞ்ஞானியாக முகத்தைச் சுளிக்கும் இடமெல்லாம் சிரித்தேன். விமர்சகர்கள் அரைமனதாகத்தான் எழுதினார்கள். 2022 பிப்ரவரியில் இரண்டாவது பருவம் வந்தது, ஏப்ரலில் கடையைச் சாத்திவிட்டார்கள்.

எனக்கு ஒரே குறைதான். ஜெனரலைக் கேலி செய்கிறார்கள், உடனே பயந்துபோய் அவரை நல்லவராக்கி ஒரு சல்யூட்டும் அடித்துவிடுகிறார்கள். அந்த முதல் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள்: விஞ்ஞானி கணக்குப் போட்டுச் சொன்னது தோற்கிறது, ஜெனரலின் நெஞ்சழுத்தம் ஜெயிக்கிறது. சிரிப்பு ஜெனரலிடம் இல்லையய்யா. அது ஸ்டோர் ரூமில் இருக்கிறது.

எங்கள் யூனிட்டில் ஒருமுறை ஆடிட் வந்தது. லெட்ஜரில் ‘வாளி, இரும்பு’ பன்னிரண்டு. எண்ணிப் பார்த்தால் பதினொன்று. பத்திருபது ரூபாய்ப் பொருள். யாராவது ஒருவர் கைக்காசு போட்டு வாங்கி வைத்தால் தீர்ந்தது. ஆனால் வாங்கினால் ரசீது, ரசீதுக்கு அனுமதி, அனுமதிக்குக் காரணம். எனவே விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட ஒரு போர்டு உட்கார்ந்தது. வாளியைக் கடைசியாகப் பார்த்தவர் யார், அப்போது அது எந்த நிலையில் இருந்தது என்றெல்லாம் நான்தான் நான்கு பிரதி அடித்தேன். ஒன்பது மாதம் கடிதம் போய் வந்தது. கடைசியில் வாளி ‘இல்லை’ என்று தள்ளுபடி ஆணை வந்தது. அந்த வாரமே, சமையற்கட்டுக்குப் பின்னால் உருளைக்கிழங்கு மூட்டைக்கு அடியில் வாளி கிடைத்தது.

இல்லாத வாளியை எப்படிக் கணக்கில் ஏற்றுவது? சுபேதார் சாகிப் அதைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். கருவூலத்தில் நகை திருடியவன் மாதிரி இருந்தது அவர் முகம். அன்று ரோல்கால் முடிந்ததும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு போய் அதைப் புதைத்துவிட்டு வந்தோம். என் பட்டாள வாழ்க்கையில் நான் பங்கெடுத்த ஒரே இரவு நடவடிக்கை அதுதான்.

இந்த மாதிரிக் கதையைத் தமிழில் யாரும் எடுப்பதில்லை. போலீஸைக் கேலி செய்ய நமக்குத் தயக்கமே இல்லை. ‘மருதமலை’யில் வடிவேலுவின் என்கவுன்டர் ஏகாம்பரத்துக்குச் சிரிக்காத போலீஸ்காரரை நான் பார்த்ததில்லை. ‘இம்சை அரசன்’ படத்தில் ராஜாவையும் படையையும் சேர்த்தே வாரினார்கள். ஆனால் அது பழங்காலம், யாருக்கும் வலிக்காது. இன்றைய ராணுவ உடை என்றால் ‘அமரன்’ மாதிரி அழவைக்க வேண்டும், இல்லை விஜயகாந்த் மாதிரி சுவரில் காலை வைத்துச் சுழல வேண்டும். பட்டாளத்தானையும் ராக்கெட்காரரையும் பூஜை அறையில் வைத்துவிட்டோம். உள்ளே இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே புழுக்கமாக இருக்கிறது.

கும்பிடுவதையே கேலியும் செய்ய எங்கள் ஊருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. முத்தாரம்மன் தசராவுக்கு வேண்டிக்கொண்டு காப்புக் கட்டி, காளி, குறவன், குரங்கு, பிச்சைக்காரர், போலீஸ் என்று வேடம் போட்டு வீடு வீடாகக் காணிக்கை வாங்குகிறோம். சூரசம்ஹாரத்தன்று கடற்கரை கொள்ளாது. ஓய்வு பெற்று வந்த மூன்றாம் வருடம் நானும் போலீஸ் வேடம் போட்டேன். ஹவில்தாராக ஓய்வு பெற்றவனுக்கு ஒரு ராத்திரியில் தோளில் மூன்று நட்சத்திரம், எல்லாம் தகரம். தொப்பி பெரிதாகி மூக்கு வரை இறங்கியது. உடன்குடி ரோட்டில் பந்தோபஸ்தில் நின்ற நிஜக் காவலர் விறைப்பாகச் சல்யூட் அடித்து, “ஐயா எந்த ஸ்டேஷன்?” என்றார். “முத்தாரம்மன் ஸ்டேஷன்” என்றேன். இருவரும் சிரித்தோம். அடுத்த வீட்டில் ஒரு ஆச்சி ரெண்டு ரூபாயைத் தட்டில் போட்டுவிட்டு, “ஏ இன்ஸ்பெக்டரு, பக்கத்து வீட்டுக்காரன் முருங்கக்காய எல்லாம் பறிச்சிட்டுப் போறான், கேளு” என்று புகாரும் கொடுத்தார். வேடமும் பொய்யில்லை, விரதமும் பொய்யில்லை, சிரிப்பும் பொய்யில்லை. அந்த அமெரிக்கத் தொடர் பிடிக்க முடியாமல் தவித்தது இதைத்தான்.

இப்போது எங்கள் ஊருக்கே ராக்கெட் வருகிறது. வருவது படை அல்ல, இஸ்ரோ. இருந்தாலும் அலுவலகம் அலுவலகம்தானே. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட், கடன்காரர் வீட்டைச் சுற்றிப் போகிறவன் மாதிரி, இலங்கைக்கு மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டும். பெரிய ராக்கெட் அந்த எரிபொருள் செலவைத் தாங்கும்; எஸ்எஸ்எல்வி போன்ற குட்டி ராக்கெட் தாங்காது. எங்கள் குலசையில் ஏவினால் நேரே தெற்கு, வெறும் கடல். 2024 பிப்ரவரி 28ஆம் தேதி தூத்துக்குடியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார்.

அன்று நடந்ததை எந்தத் திரைக்கதை ஆசிரியரும் எழுதியிருக்க மாட்டார். வாழ்த்துச் சொல்லித் தமிழக அமைச்சர் ஒருவர் நாளிதழ்களில் கொடுத்த முழுப்பக்க விளம்பரத்தில், ராக்கெட்டின் உச்சியில் சீனக் கொடி. வடிவமைத்தவரின் தவறு என்றார் அமைச்சர். பிரதமர் மேடையிலேயே கண்டித்தார். அதோடு விட்டார்களா? மறுநாளைக்கு மறுநாள் முதல்வர் பிறந்தநாளுக்குத் தமிழக பாஜக சீன மொழியில் வாழ்த்துப் போட்டது. டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சிரித்தோம். நெட்ஃபிளிக்ஸ்காரர்கள் சீனச் செயற்கைக்கோளுக்குச் செலவழித்த பணத்தில் எங்கள் டீக்கடைக்கு ஒரு கேமராவை அனுப்பியிருக்கலாம்.

யாராவது எடுங்கள். தேரிக்காட்டில் பனைக்கு இழப்பீடு கணக்குப் போடும் சர்வேயர், மகேந்திரகிரியிலிருந்து மாற்றலாகி வந்து வாடகை வீடு தேடும் பொறியாளர், ஏவும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்றால் அன்றைய பாட்டுக்கு என்ன வழி என்று கேட்கும் மணப்பாட்டு மீனவர், சல்யூட் அடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வாசலில் நிற்கும் என்னைப் போன்ற முன்னாள் ராணுவக் காவலாளி. பாத்திரங்களெல்லாம் தயார். சிம்பன்சி வேண்டாம், தசராவில் குரங்கு வேடம் எங்களிடமே ஏராளம்.

அடிக்கல் நாட்டிய வருடத் தசராவுக்கு, தெருப் பையன் ஒருவன் ராக்கெட் வேடம் போடப்போவதாக வந்து நின்றான். தெர்மக்கோல் வெட்டி, வெள்ளி பேப்பர் சுற்றி, இரண்டு நாள் வேலை. போட்டுக்கொண்டு எழுந்தபோது நுனி என் வீட்டு நிலையில் இடித்து வளைந்துவிட்டது. செல்லோடேப் ஒட்டிக் கொடுத்தேன். 

“தாத்தா, மேல கொடி ஒண்ணு ஒட்டணும்லா?”

“ஒட்டுலே. ஆனா ஒட்டுததுக்கு முன்னால எங்கிட்ட ஒருக்கா காட்டிட்டு ஒட்டு.”