டிஸ்க்கைத் தின்னது யாரு?

ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் கிடைக்காம அலையறீங்களா பாஸ்? இதைக் கேளுங்க.

1990. அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழக லேப். 14 பேருக்குச் சேர்த்து 80 எம்.பி. ஹார்ட் டிஸ்க். (சிரிக்காதீங்க, அப்போ அது பெருசு!) அதுவும் ஃபுல். யாரோட ஃபைல் அடைச்சிருக்கு? மனுஷனும் கம்ப்யூட்டரும் எப்படிப் பழகணும்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்த பேராசிரியர் பென் ஷ்னைடர்மேன், கிளை கிளையாப் படம் போட்டுப் பார்த்தார். ஸ்கிரீன் பத்தலை. கடைசியில் ஸ்கிரீனையே கட்டம் கட்டமாப் பிரிச்சார். ஃபைல் பெருசுன்னா கட்டமும் பெருசு. ஆள் அம்பேல்!

அதுதான் 'ட்ரீமேப்'. 1992-ல் வெளிவந்த அந்தக் கட்டுரையை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன. ஷேர் மார்க்கெட்டைச் சிவப்பு, பச்சைக் கட்டங்களாக் காட்டுறாங்களே, அதுவும் இதோட வாரிசுதான்.

சரி, உங்க லேப்ல தினமும் உங்களைக் கடுப்பேத்துறது எது?