கழிவு ஆயில் மருந்தல்ல, விஷம்!

தெருநாய் ஒன்றுக்கு முடி கொட்டி, தோல் தடித்து, சொறிந்து சொறிந்து ரத்தம் வந்தால் தமிழ்நாட்டில் இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று, கல்லெடுத்து எறிவது. இன்னொன்று, பாவம் பார்த்து மெக்கானிக் கடையில் கழிவு ஆயில் வாங்கிவந்து ஊற்றுவது. முதலாவது கொடுமை என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதும் கொடுமைதான் என்பது ஊற்றுகிறவருக்கே தெரிவதில்லை!

சொறி என்பது அழுக்கு அல்ல. சார்கோப்டஸ் என்கிற, கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடுகிறது. மற்ற நாய்களுக்கும் தொற்றும். மனிதருக்கும் கொஞ்ச நாள் அரிப்பெடுக்கும். டெமோடெக்ஸ் என்பது வேறு வகை. தாயிடமிருந்து குட்டிக்கு வந்து மயிர்க்கால்களில் குடியிருக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தால் பெருகும். மனிதருக்கு ஒட்டாது.

கழிவு ஆயிலில் இருப்பது என்ன? எஞ்சின் தேய்ந்த உலோகத் துகளும் எரிபொருள் கசடும். புண் வழியாகவும், நாய் நக்கும்போது வாய் வழியாகவும் அது உள்ளே போகிறது.

"எங்க தெரு நாய்க்குச் சரியாச்சே?" என்பார்கள். குட்டிகளுக்கு முகத்தில் அங்கங்கே வரும் டெமோடெக்ஸ் சொறி பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். ஆறியது தோல், பேர் வாங்கியது ஆயில். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆயிலால் செத்த நாயோ சாட்சி சொல்ல வருவதில்லை!

மருந்தே இல்லாத நோய் என்றாலாவது மன்னிக்கலாம். ஜப்பான் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து பிறந்தது ஐவர்மெக்டின். அதற்காக சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பலும் 2015-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இப்போது ஃப்ளூரலானர், அஃபோக்சோலானர் மாத்திரைகளும் உண்டு. விலை கூடுதல்தான், ஆனால் சோற்றில் வைத்தே கொடுத்துவிடலாம், நாயைப் பிடித்துக் கட்ட வேண்டியதில்லை.

இங்கே இன்னொரு கூட்டம் வரும்: மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டினைக் குத்துமதிப்பாக நாய்க்குப் போடும் கூட்டம். கோலி போன்ற சில இனங்களில் பல நாய்களுக்கு மரபணுக் குறைபாடு உண்டு. அவற்றுக்கு இது மூளைக்கு ஏறி உயிரையே எடுக்கலாம். மாத்திரையும் வலிப்பு உள்ள நாய்க்கு ஆபத்து. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எடைக்கு ஏற்ற அளவைச் சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவர்தான்.

ஆயில் டப்பாவைத் தேடி மெக்கானிக் கடைக்கு நடக்கும் கருணை, அரசு கால்நடை மருந்தகம் வரை நடக்கக்கூடாதா?