சுத்தம் யார் பொறுப்பு?

சிறுநீரகங்கள் செயலற்றுப்போன ஏழைகளுக்கு இலவசமாய் டயாலிஸிஸ் அளிக்கும் தேசீயத் திட்டத்தை இந்திய சர்க்கார் 2016-ம் வருஷத்தில் ஆரம்பித்தனர். வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்துகொள்ளும் பெரிடோனியல் டயாலிஸிஸுக்கும் 2019-ல் விதிமுறைகள் வகுக்கப்பட்டன. வாரத்தில் இரண்டு மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் பிரயாணம் செய்ய இயலாத கிராமவாசிக்கு இது பேரனுகூலமாகும். ஆயினும் இம்முறை நமது தேசத்தில் போதிய அளவு பரவவில்லை. “நம் ஜனங்களுக்குச் சுத்தம் போதாது, வயிற்றில் கிருமி புகுந்துவிடும்” என்று சமாதானம் சொல்லுவோர் உளர். இவ்வாதத்தைச் சற்றுப் பரிசீலிப்போம்.

வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாயின் வழியே சுமார் இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடிக்கிறார்கள். சாதாரணமாய்த் தினம் நான்கு தடவை இது நடைபெறுகிறது. குழாயையும் பையையும் இணைக்கும் ஒவ்வொரு தருணமும் கிருமிகளுக்கு ஒரு வாசலாகும். தோலில் வாழும் ஸ்டாபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் உட்புகுந்தால் பெரிடோனைடிஸ் என்னும் வியாதி உண்டாகிறது. வடியும் திரவம் கலங்குகிறது, வயிறு வலிக்கிறது. உடனே திரவத்தைச் சோதித்து, கிருமிகளைக் கொல்லும் மருந்தை அத்திரவத்திலேயே கலந்து செலுத்தினால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். தாமதித்தால் குழாயையே எடுத்துவிட நேரும், உயிருக்கும் அபாயமுண்டு.

இம்முறை தோன்றிய 1970-களில், திரவம் கண்ணாடிப் புட்டிகளில் வந்த காலத்தில், இவ்வியாதி அடிக்கடி கண்டது மெய்யே. பிளாஸ்டிக் பைகளும், புதுத்திரவம் செல்லுமுன் இணைப்பிலுள்ள கிருமிகளைக் கழுவித் தள்ளும் ‘ஒய்’ வடிவக் குழாயும் வந்தபின் நிலைமை மாறிற்று. ஒரு நோயாளிக்கு வருஷத்தில் 0.4 தடவைக்கு, அதாவது இரண்டரை வருஷத்துக்கு ஒரு தடவைக்கு, மேற்படலாகாது என்று சர்வதேச சங்கத்தார் 2022-ல் அளவு குறித்திருக்கின்றனர். ஹாங்காங் 1985 முதல் இம்முறைக்கே முதலிடம் அளித்து வருகிறது. அங்குள்ள மிகச் சிறிய வீடுகளில் நடப்பது இங்கே நடவாதா?

ஆதலின் குற்றம் ஜனங்களின்மேல் அன்று. கைகழுவ நல்ல தண்ணீர் கிடையாத வீட்டாருக்குச் சுத்தத்தை உபதேசிப்பது பரிகாசமேயாகும். திரவப் பையைக் கொடுப்பதோடு சர்க்காரின் கடமை தீர்ந்துவிடாது. நோயாளிக்கும் வீட்டாருக்கும் செவ்வையாய்ப் பயிற்சியளித்து, வீடுசென்று மேற்பார்க்கும் நர்ஸுகள் வேண்டும். கலங்கிய திரவத்தை அன்றைக்கே சோதிக்கும் வசதியும், மருந்துக் கையிருப்பும் ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியிலும் வேண்டும். இவற்றைச் செய்துவிட்டுப் பிறகு ஜனங்களின் சுத்தத்தைப்பற்றிப் பேசட்டும். அதுவரை, ஏழையின் வீட்டைக் காரணங்காட்டி அவனுக்குரிய சிகிச்சையை மறுப்பது நியாயமாகாதென்பதே நமது அபிப்பிராயம்.