"அப்பவே ஏன் சொல்லலை?"

சாமியார் பேரிலோ, பாதிரியார் பேரிலோ, ஓதிக் கொடுக்கும் ஹஜ்ரத் பேரிலோ ஒரு பெண் புகார் சொன்னால், நம் வயதுக்காரர்கள் வாயில் முதலில் வருவது இந்தக் கேள்விதான். திருவாடானை பெரிய கோயில் வாசலில் சாயங்காலம் உட்காரும் எங்கள் கூட்டத்திலும் போன வாரம் கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது.

பிரேமானந்தாவை மறந்துவிட்டோமா? இலங்கை மாத்தளையில் ஆசிரமம் வைத்திருந்தவர். 1983 கலவரத்துக்குப் பின் இங்கே வந்து, விராலிமலைப் பக்கம் ஆசிரமம் கட்டினார். சிவராத்திரிக்கு வாயிலிருந்து லிங்கம் எடுப்பார், கூட்டம் முண்டியடிக்கும். அங்கே வளர்ந்த பெண்பிள்ளைகளில் பலர் இலங்கையிலிருந்து வந்த, பெற்றோர் இல்லாத குழந்தைகள். 1994-ல் ஒரு பெண் தப்பி வந்து சொன்ன பிறகுதான் போலீஸ் உள்ளே போனது. அதுவரை யாரிடம் சொல்வார்கள்? சோறு போட்டவரும் அவர், சாமியும் அவர்.

1997-ல் புதுக்கோட்டை செஷன்ஸ் கோர்ட், 13 பெண்களைப் பலாத்காரம் செய்ததற்கும் ஆசிரமத்தில் இருந்த ரவி என்பவரின் கொலைக்கும் இரட்டை ஆயுள் கொடுத்தது. ஐதராபாத் ஆய்வகத்தின் டி.என்.ஏ. சோதனையும் சாட்சி. 2005-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. 2011-ல் கைதியாகவே இறந்தார். அப்போதும் அவரை நிரபராதி என்று கும்பிட்டவர்கள் இருந்தார்கள். இவர்களுக்கு எந்தத் தீர்ப்புப் போதும்?

நான் காரைக்காலில் பிரெஞ்சு மீடியம் படித்தவன். அந்த ஊர்ப் பத்திரிகைகளை இன்னும் வாசிக்கிறேன். 2021-ல் அங்கே சோவே கமிஷன், 1950 முதல் கத்தோலிக்கக் குருமார்களால் பாதிக்கப்பட்ட சிறார் சுமார் 2,16,000 பேர் என்று கணக்கிட்டது. பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். பலர் வாய் திறந்தது தலை நரைத்த பிறகு.

"பொய்ப் புகாரும் வருமே" என்பார்கள். வரட்டுமே! தாலுகா ஆபீசில் மனு வந்தால் தன்பதிவேட்டில் ஏற்றி எண் போட்டுவிட்டுத்தான் விசாரணை. பட்டா மாறுதலுக்குக் கொடுத்த மரியாதை அந்தப் பெண்ணின் வார்த்தைக்குக் கிடையாதா?

18 வயதுக்குக் கீழே என்றால், 2012 போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி விஷயம் தெரிந்தவர் எவரும் புகார் சொல்லியே ஆக வேண்டும். கோயில் கமிட்டியோ, பங்குப் பேரவையோ, ஜமாத்தோ உள்ளுக்குள் பேசி முடிக்க அதில் இடமில்லை. கூடித்தான் ஆக வேண்டும் என்றால் இதைப் பேசுங்கள்: மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்கு அவளோடு யார் போவது, வாய்தாவுக்கு வாய்தா யார் துணை, அடுத்த திருவிழாவுக்கு அந்த வீட்டில் வரி வாங்குவீர்களா, ஒதுக்கி வைப்பீர்களா?